மூன்றாம் அறையில் இரண்டு மூக்குகள்

அன்புள்ள கோதைக்கு, உன் சித்தப்பா எழுதுவது.

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொல்லிவிட்டேன். நீ பெரிய படிப்புப் படிப்பாய் என்று சொன்னேன். கண்ணுக்குத் தெரியாத ஒன்றைச் செய்து, அதை வைத்துக் கண்ணுக்குத் தெரியாத இன்னொன்றைப் பிடிப்பாய் என்று சொன்னேன். அதற்காக உன்னை விமானம் ஏற்றி ஜப்பானுக்கு அழைத்துப் போவார்கள் என்றும் சொன்னேன். ஜப்பான் என்று பெயர் சொல்லியா சொன்னாய் என்று உன் அப்பா இப்போது குறுக்கே கேட்கிறார். கிழக்குப் பக்கம் என்று சொன்னேன். திருச்சிக்குக் கிழக்கே ஜப்பான் வருகிறதா இல்லையா? உன் அப்பாவுக்கு ஞாபக சக்தி குறைவு, அதை நீ பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

நம் தெரு நலச்சங்கம் போடும் ஆண்டு மலருக்கு, டாக்டர் பட்டம் வாங்கி வெளிநாடு போகிற பெண்ணுக்குப் பெற்றவர் ஒரு கடிதம் எழுதித் தரவேண்டும் என்று வீட்டுக்கு வந்து கேட்டார்கள். உன் அப்பா, அதாவது என் அண்ணன், மின்வாரியத்தில் இருந்த காலம் முழுக்க ‘லைன் கொடுத்தாச்சு’, ‘லைன் இல்லை’ என்ற இரண்டே வாக்கியத்தில் பேசி ஓய்வு பெற்றவர். “நீயே எழுதுடா. உனக்குத்தான் வாய் இருக்கு” என்று காகிதத்தை என் பக்கம் தள்ளிவிட்டார். நானும் மறுக்கவில்லை. சித்தப்பா என்றால் சின்ன அப்பா என்றுதானே அர்த்தம். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியவன் என்றாலும், இந்தத் தெருவில் ‘நானோ டெக்னாலஜி’ என்ற சொல்லை முதலில் உச்சரித்தவன் நான்தான். எழுத்துப் பிழை இருந்தால் அச்சகத்தார் திருத்திக்கொள்ளட்டும்.

நான் சொன்னதற்குச் சாட்சி இல்லாமல் இல்லை. நீ மூன்றாம் வகுப்போ நான்காம் வகுப்போ படித்தபோது, அப்போது இருந்த ஸ்ரீரங்கத்து வீட்டில் ஒரு நாள் சிலிண்டர் வாஷர் தேய்ந்து கேஸ் கசிந்தது. உன் அப்பா ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டு, சிலிண்டரை முற்றத்தில் உருட்டி வைத்துவிட்டு வந்தார். நீ மூக்கைப் பிடித்துக்கொண்டு, “ஏம்ப்பா இப்படி நாறுது?” என்று கேட்டாய். “கேஸுக்குன்னு தனியா வாசனை கிடையாதும்மா. கசிஞ்சா தெரியணும்னு ஒரு நாத்தத்தைக் கலந்து விடுறாங்க” என்றார். உன் அப்பா அந்த வருஷம் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். நீ விடவில்லை. “அப்ப கலக்காம விட்ட கேஸெல்லாம் எப்படித் தெரியும்?” என்றாய். நான் உடனே முன்னால் வந்து, “அதுக்குத்தான் உன் சித்தப்பா மூக்கு இருக்கு” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீ மட்டும் சிரிக்காமல், “நீங்க எல்லா வீட்டுக்கும் போவீங்களா சித்தப்பா?” என்று கேட்டாய். சமாளித்துக்கொண்டு, “நான் எப்படிப் போறது? நீ ஒண்ணு செஞ்சு குடு, வீட்டுக்கு வீடு மாட்டிடலாம்” என்றேன். இதுதான் நான் சொன்ன தீர்க்கதரிசனம். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

இந்த மலரைப் படிப்பவர்களில் என் மூக்கைத் தெரியாதவர்கள் கே.கே. நகர் பக்கம் புதிதாகக் குடிவந்த சிலராகத்தான் இருக்க வேண்டும். அவர்களுக்காகச் சொல்கிறேன். காந்தி மார்க்கெட் பக்கம் வாழைக்காய் மண்டி வைத்திருக்கும் காதர் பாயிடம் நான் சேர்ந்தது உன் அப்பாவுக்குக் கல்யாணமான வருஷம். வந்து இறங்கும் வாழைத்தாரைப் பழுக்கும் அறையில் அடுக்கி, கதவைச் சாத்தி, மறுபடி எப்போது திறப்பது என்று சொல்வதுதான் என் வேலை. கேட்க லேசாக இருக்கும். ஒரு வேளை முந்தித் திறந்தால் பழம் பாதி பழுத்த காய்வெட்டாகவே நின்றுவிடும். ஒரு வேளை பிந்தினால் காம்பு கழன்று, போகிற ஊரில் சாக்கைப் பிரிக்கும்போது உதிரிப் பழமாகக் கொட்டும். அந்த ஒரு வேளையைச் சொல்வதற்காகவே கடவுள் எனக்கு இந்த மூக்கைக் கொடுத்தார். கதவை விரலளவு திறந்து ஒரு இழுப்பு இழுத்தால் போதும். பூவனா, ரஸ்தாளியா, கற்பூரவல்லியா, இன்னும் எவ்வளவு பொறுக்க வேண்டும், எல்லாம் சொல்லிவிடுவேன். முசிறியில் லாரி கிளம்பும்போதே மண்டியில் உட்கார்ந்துகொண்டு என்ன ரகம் என்று சொன்னவன் நான். சரி, முசிறி கொஞ்சம் தூரம்தான். சத்திரம் பஸ் ஸ்டாண்டு தாண்டும்போது என்று வைத்துக்கொள். காதர் பாய் வெளியூர் வியாபாரிகளிடம் என்னை அறிமுகப்படுத்தும்போது பெயர் சொல்லமாட்டார். “இவருதாங்க நம்ம மண்டியோட மூக்கு” என்பார்.

அந்த மண்டியில்தான், பழம் விடும் வாயுவை மோப்பம் பிடிக்க நீ செய்த கருவி இப்போது சுவர் சுவராக மாட்டியிருக்கிறது. நீ கிளம்புகிறாய் என்று தெரிந்ததும் பாய் அதைக் கழற்றிவிடலாம் என்று சொல்ல ஆரம்பித்திருக்கிறார். “பாப்பா போனப்புறம் அந்த டப்பாவை யாருங்க பாத்துக்கிறது? உங்க மூக்குதான் இருக்கே. அதுக்குச் சர்வீஸா கேரண்டியா, என்ன வேணும்?” என்கிறார். அது ஒரு வருஷமாவது விடாமல் ஓடினால்தான் அதற்குள் நீ வைத்த பொருள் ஆயுள் தாங்குமா, நாள்பட்டால் சோர்ந்துபோகுமா என்று தெரியும் என்றும், அந்தக் கணக்கை நம்பித்தான் ஜப்பானில் அடுத்த வேலை என்றும் நீ உன் அப்பாவிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. அதனால் இந்தக் கடிதம் வெறும் வாழ்த்து இல்லை. பாய்க்கும் இதில் ஒரு சேதி இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன், அதற்குள் உன் பெருமையைக் கொஞ்சம் பேசிக்கொள்கிறேன்.

உன் ஆய்வுக்கூடத்துக்கு நான் முதலில் வந்தது சித்தி கட்டிக்கொடுத்த புளியோதரையைக் கொடுப்பதற்காக. பெரிய பெரிய யந்திரம் சுழலும், பொறி பறக்கும் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். நீ ஒரு மூலையில் நின்று கண்ணாடிச் சில்லு கழுவிக்கொண்டிருந்தாய். கழுவினாய், காயவைத்தாய், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாய், மறுபடி கழுவினாய். “டாக்டருக்குப் படிக்கிறேன்னுட்டு இங்க பாத்திரம் தேய்க்கிறியா?” என்று கேட்டேன். “இதுல ஒரு கைரேகை இருந்தாலும் மேல ஒண்ணும் முளைக்காது சித்தப்பா” என்றாய். முளைக்கிறதா! அந்தச் சொல்தான் என்னைப் பிடித்து உட்கார வைத்தது. முதலில் கண்ணாடிமேல் கண்ணுக்குத் தெரியாத விதை தடவுகிறாய். துத்தநாக உப்பையும் இன்னொரு மருந்தையும் தண்ணீரில் கரைக்கிறாய். உள்ளே வெள்ளைக் கிண்ணம் வைத்த கனத்த எஃகுப் பாத்திரத்தில் அதை ஊற்றி, கண்ணாடியை முகம் கீழே பார்க்கும்படி சாய்த்து வைத்து, மூடியைத் திருகி அடுப்புப் பெட்டிக்குள் வைக்கிறாய். ஏன் குப்புற வைக்கிறாய் என்று கேட்டேன். நேராக வைத்தால் கரைசலில் தானாக உருவாகும் குப்பையெல்லாம் மேலே வந்து படியும், குப்புற வைத்தால் முளைக்க வேண்டியது மட்டும் முளைக்கும் என்றாய். எத்தனை பேர் இந்த விஷயம் தெரியாமல் வாழ்நாள் முழுக்க நிமிர்ந்து நின்று குப்பையை வாங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் எடுத்துக் காட்டினாய். எனக்கு ஏமாற்றம்தான். “எங்கம்மா இருக்கு?” என்றேன். “கண்ணாடி மேலதான் இருக்கு.” “பவுடர் பூசின மாதிரில்ல இருக்கு?” “அந்தப் பவுடர்தான் சித்தப்பா.” அப்புறம் அதை உலையில் வைத்துச் சுட்டு, மின்னணு நுண்ணோக்கியில் எடுத்த படத்தைக் கணினியில் காட்டினாய். நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். காவிரிக் கரை நாணல் காடு மாதிரி நெருக்கமாக ஆயிரமாயிரம் குச்சி. ஒவ்வொன்றும் சீவாத பென்சில் போல ஆறு பட்டை. யாரும் உட்கார்ந்து செதுக்காமல், தானாக ஆறு பட்டை! ஒரு தலைமுடியின் குறுக்கே இந்தப் பென்சில்களை நூற்றுக்கணக்கில் அடுக்கலாம் என்றாய். நான் மார்க்கெட்டில் லட்சக்கணக்கில் என்று சொல்லிவிட்டேன். பரவாயில்லை, அங்கே யாரும் எண்ணிப் பார்க்கப்போவதில்லை. ஏன் இவ்வளவு சின்னதாகச் செய்ய வேண்டும் என்று கேட்டபோது நீ சொன்ன உதாரணத்தை நான் இன்னும் பயன்படுத்துகிறேன். முழுத் தேங்காயைக் குழம்பில் போட்டால் என்ன சேரும்? துருவிப் போட்டால்தானே எல்லாப் பக்கமும் குழம்பு படும். காற்று படும் பரப்புதான் இந்த வேலைக்கு முதல்.

அது எப்படி வாயுவைக் கண்டுபிடிக்கிறது என்று உன் பேராசிரியை அம்மா எனக்குப் படம் போட்டு விளக்கினார். தன் கைக்காசில் ஒரு காப்பியும் வாங்கிக் கொடுத்தார். என் கேள்விகளைக் கேட்டு அவர் அசந்துபோனார் என்பதை நீ ஒத்துக்கொள்ள மாட்டாய். எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன், தப்பிருந்தால் ஜப்பானிலிருந்து எழுது. வைகுண்ட ஏகாதசி சமயத்தில் அம்மா மண்டபம் ரோட்டில் தடுப்புக்கட்டை போட்டுவிடுவார்கள், ஆட்டோ எதுவும் ஓடாது. அந்த ரோடுதான் உன் பென்சில் குச்சி, ஆட்டோதான் மின்சாரம். சூடாக்கியதும் காற்றில் இருக்கிற ஆக்சிஜன் வந்து குச்சிமேல் தடுப்புக்கட்டை போல உட்கார்ந்துகொள்கிறது, மின்சாரம் முடங்குகிறது. நாம் தேடுகிற வாயு வந்தால் அந்த ஆக்சிஜனோடு சேர்ந்து அதைக் கிளப்பிக்கொண்டு போய்விடுகிறது. தடுப்பு போனதும் ஆட்டோக்கள் ஓடுகின்றன. எத்தனை ஆட்டோ ஓடுகிறது என்று எண்ணினால் எவ்வளவு வாயு வந்தது என்று தெரிந்துவிடும். இதைச் சொன்னதும் உன் பேராசிரியை, “அடுத்த வருஷம் கிளாஸ்ல இதையே சொல்லிடறேன் சார்” என்றார். என்னை யாரும் அதற்கு முன் சார் என்று கூப்பிட்டதில்லை, பேங்க் வாசலில் வழி விடச் சொன்னதைத் தவிர.

உன்னை நான் மெச்சுவது முளைக்க வைத்ததற்காக மட்டும் இல்லை. ஆய்வுக்கூடத்தில் பாஸான கருவி மண்டியில் வந்து ஃபெயில் ஆனதே, அப்போது நீ நடந்துகொண்ட விதத்துக்காக. பழம் பழுக்கும்போது எத்திலீன் என்று ஒரு வாயு விடுமாம், அதைப் பிடித்தால் எந்த நேரம் திறக்கலாம் என்று துல்லியமாகச் சொல்லலாம் என்று நீ கேட்டதும், நான்தான் பாயிடம் பேசி மூன்றாம் அறையில் இடம் வாங்கிக் கொடுத்தேன். மாட்டிய அன்றே கருவி படுத்துவிட்டது. உன் ஆய்வுக்கூடத்துக் காற்று உலர்ந்த காற்று. எங்கள் அறையோ ஈரச் சாக்கு போர்த்திய மாதிரி இருக்கும். தண்ணீர் ஆவி முந்திக்கொண்டு போய்க் குச்சிமேல் உட்கார்ந்துவிட்டது. மண்டியில் மூட்டை தூக்கும் முத்தையா, “என்ன பாப்பா, மெஷினுக்குச் சளி பிடிச்சிருச்சா?” என்று சிரித்தான். நானாக இருந்தால் அறையைக் குறை சொல்லியிருப்பேன், கரண்டைக் குறை சொல்லியிருப்பேன், முத்தையாவின் கண்ணேறு என்றும் சொல்லியிருப்பேன். நீ, “ஆமாண்ணே, சளிதான்” என்று சொல்லிவிட்டுக் கழற்றி எடுத்துக்கொண்டு போனாய். மறுபடி கண்ணாடி கழுவினாய். துத்தநாகத்தோடு நிற்காமல் வெள்ளீய ஆக்சைடில் முளைக்க வைத்தாய், அதன்மேல் விலை உயர்ந்த ஒரு உலோகத்தைத் துளித் துளியாகத் தூவினாய், சூட்டை ஏற்றினாய், இறக்கினாய். ஈரத்தைத் தனியாக அளந்து, அதைக் கழித்துவிட்டு மீதியைப் பார்க்கக் கற்றாய். எத்தனை தடவை கொண்டுவந்து மாட்டினாய், எத்தனை தடவை கழற்றிக்கொண்டு போனாய் என்று எனக்குக் கணக்கு இல்லை. ஒரு தடவைகூட முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனதில்லை. அங்கே போயும் இந்தக் குணத்தை விட்டுவிடாதே அம்மா. எனக்கு இல்லாத குணம், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அதற்கப்புறம் அந்த வெள்ளிக்கிழமை விவகாரம். எல்லாம் சரியாக ஓட ஆரம்பித்த பிறகு, உன் வரைபடத்தில் வாரத்துக்கு ஒரு தடவை, விளக்கு வைக்கும் நேரத்துக்கு, மலைக்கோட்டை மாதிரி ஒரு மேடு எழும்பி நின்றது. பழம் இருந்தாலும் நின்றது, அறை காலியாக இருந்தாலும் நின்றது. உன் பேராசிரியை மின்சாரத்தைச் சந்தேகப்பட்டார். நீ ஒரு வெள்ளிக்கிழமை மண்டியிலேயே வந்து உட்கார்ந்துகொண்டாய். அன்றைக்குக் காலையே வீட்டில் சரியில்லை. உன் சித்தி, “அடுப்புல பால் தீயுது, பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிக்கிறீங்க, மூக்கை எங்க அடமானம் வச்சீங்க?” என்று கத்தினாள். நான் செய்தியில் மூழ்கிவிட்டேன் என்றேன். அதே ஞாபகத்தோடு மண்டிக்கு வந்து, சாயங்காலம் வழக்கம்போலத் தூபக்காலில் சாம்பிராணி போட்டுக்கொண்டு அறை அறையாகப் போனேன். மண்டி முழுவதும் வெள்ளைப் புகை. முத்தையா இருமிக்கொண்டே, “அண்ணே, கண்ணு எரியுது! மூட்டையோட கொட்டிட்டீங்களா?” என்றான். “லேசாத்தான்டா போட்டிருக்கேன்” என்றேன். உன் கையில் இருந்த போனில் மலைக்கோட்டை எழும்பிக்கொண்டிருந்தது. ஆனால் நீ போனையும் பார்க்கவில்லை, தூபக்காலையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாய்.

வேறு யாராக இருந்தாலும் சாம்பிராணியை நிறுத்தச் சொல்லியிருப்பார்கள். பாயின் அத்தா காலத்திலிருந்து வெள்ளிக்கிழமை மண்டியில் சாம்பிராணி போடுவது வழக்கம், அதை நிறுத்தச் சொல்ல எனக்கே தைரியம் கிடையாது. நீ, “போடுங்க சித்தப்பா. எப்பப் போடுறீங்கன்னு மட்டும் சொல்லிட்டுப் போடுங்க” என்றாய். அடுத்த மாதமே இரண்டு சில்லை ஒரே பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தாய். ஒன்று துத்தநாகம், ஒன்று வெள்ளீயம். புகை வந்தால் இரண்டும் சேர்ந்து கத்தும். பழம் என்றால் ஒன்றுதான் வாயைத் திறக்கும், மற்றது முனகுவதோடு சரி. புகை எது, பழம் எது என்று பிரித்துச் சொல்ல எங்கள் மண்டிச் சாம்பிராணியே அதற்குப் பாடம் எடுத்தது. தன் வேலையைக் கெடுத்ததையே தன் வேலைக்கு ஆளாக வைத்துக்கொண்ட பெண்ணை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. இதை நான் ஒரு அமைச்சரிடமே சொன்னேன். அமைச்சர் என்றால் அவருடைய டிரைவர், டீக்கடையில்.

இப்போது மூன்றாம் அறைக்கு வருகிறேன். மார்க்கெட் முழுக்கத் தெரிந்த கதைதான், ஆனாலும் அச்சில் வரட்டும். உன் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்துக்கு ஒரே ஒரு விஷயம் பாக்கி இருந்தது. வழக்கத்தைப் பார்க்காமல், கருவி சொன்ன நேரத்தில் ஒரு அறையைத் திறக்க வேண்டும், பழம் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று பார்க்க வேண்டும். மூன்றாம் அறையில் கேரளாவுக்குப் போகிற பூவன். வழக்கப்படி மறுநாள் சாயங்காலம்தான் திறக்க வேண்டும். நீ அதற்கு முந்தின நாள் மதியமே வந்து, கருவி எதையோ சொல்லிவிட்டது, திறக்கலாமா வேண்டாமா என்று இப்போதே முடிவு பண்ண வேண்டும் என்றாய். பாய் தாடியைத் தடவினார். “பாப்பா, உன் மெஷினை நான் குறை சொல்லல. ஆனா ஒரு ரூம் சரக்கு. பிசகுச்சுன்னா அந்த வியாபாரி அடுத்த லோடுக்கு நம்ம வாசப்படி மிதிக்கமாட்டான். உன் சித்தப்பா மூக்கும் அதையே சொல்லட்டும், திறந்துடுறேன். மெஷின் என்ன சொல்லுதுன்னு நீ முன்னாடியே வாயைத் திறக்காத. அவரு சொன்னப்புறம் காட்டு. சரிதானே?” என்றார். “சரிங்க பாய்” என்றாய். எத்தனை வருஷக் கண்ணாடி கழுவல், இந்த மூக்கு ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் போச்சு. முத்தையா சும்மா இருப்பானா? “அண்ணே, பொண்ணுகிட்ட தோத்துறாதீங்க, மார்க்கெட்ல தலை காட்ட முடியாது” என்றான்.

கதவைத் திறந்து உள்ளே போனேன். நீ என் பக்கத்தில் வந்து நின்றாய். மற்றவர்கள் வாசலில் நின்றார்கள். பழம் பார்வைக்குப் பச்சைதான், நுனியில் மட்டும் ஒரு மங்கல். கண்ணை மூடிக்கொண்டு ஒரே இழுப்பு இழுத்தேன். முதலில் ஈரச் சாக்கு, அதற்குக் கீழே காம்புப் பால், அதற்கும் கீழே, அடித்தொண்டையில் தேன் தடவியது போல, இப்போதுதான் புறப்பட்ட ஒரு மெல்லிய இனிப்பு. குழந்தை கொட்டாவி விடும்போது வரும் பால் வாசனை மாதிரி என்று வைத்துக்கொள். ஆள் வைத்து எழுதியது போல அவ்வளவு தெளிவாக வந்தது. கண்ணைத் திறக்காமலே சொன்னேன்: “திறங்க பாய். இன்னைக்கே ஏத்துங்க.” நீ போனைத் திருப்பி எல்லோருக்கும் காட்டினாய். திறக்கலாம் என்று பச்சை விளக்கு எரிந்தது. “மாஷா அல்லாஹ்! ரெண்டு மூக்கும் ஒண்ணாச் சொல்லுது!” என்று பாய் என் தோளில் தட்டினார். சரக்கு போனது. போய்ச் சேர்ந்த இடத்திலிருந்து வியாபாரி போன் பண்ணி, ஒரு சீப்புகூட உதிராமல் ஒரே மஞ்சளாக வந்திருக்கிறது, இனிமேல் இப்படியே அனுப்புங்கள் என்றான். அன்றைக்கு முதல் மார்க்கெட்டில் பேச்சு என்னவென்றால், அண்ணன் மகள் செய்த மெஷினுக்குச் சித்தப்பா மூக்கு சான்றிதழ் கொடுத்தது என்பதுதான். அந்த மாதமே பாய் எல்லா அறைக்கும் உன் கருவியை மாட்டச் சொன்னார்.

உன் ஆய்வேடு அட்டை போட்டு வந்ததும் உன் அப்பா நன்றிப் பக்கத்தைத் தமிழில் சொல்லிக் காட்டினார். பேராசிரியை, அம்மா, அப்பா, முத்தையா, பாய், எல்லோரும் இருந்தார்கள். என் முறை வந்தபோது, ‘என் கருவியை முதன்முதலில் நம்பிய என் சித்தப்பாவுக்கு’ என்று இருந்தது. நான் உன் அப்பாவிடம் மனத்தாங்கலாகச் சொன்னேன், “மூக்கைப் பத்தி ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம்ல?” என்று. அவர் லைன் இல்லை என்பது போல ஒரு பார்வை பார்த்தார்.

அங்கே போனதும் வேளைக்குச் சாப்பிடு. பெரிய பெரிய யந்திரங்கள் இருக்கும், ஆனாலும் கண்ணாடியை நீயே கழுவு. உன்னைப் புகழ்கிறவர்களை, என்னையும் சேர்த்து, ஈரத்தைக் கழிக்கிற மாதிரி கொஞ்சம் கழித்துவிட்டு மீதியை எடுத்துக்கொள். பிறந்த நாளிலிருந்து உன்னைப் பார்த்து வந்தவன் சொல்கிறேன், கழித்த பிறகும் நிறைய மிஞ்சும். நீ சின்ன வயதில் கேட்ட கேள்விக்கு நான் பேச்சால்தான் பதில் சொன்னேன். நீ செய்து பதில் சொல்லியிருக்கிறாய். நம் குடும்பத்தில் முதல் முறையாக ஒருவர் பேசியதைவிட அதிகமாகச் செய்திருக்கிறார் என்பதில் எனக்கு இருக்கும் பெருமையை எந்தக் கருவியும் அளக்க முடியாது. இதில் மட்டும் நான் எதையும் கூட்டவில்லை.

கூட்டியது வேறு ஒன்றில். சேதி என்று சொன்னேனே, அது இதுதான். மூன்றாம் அறையில் எனக்கு எந்த வாசனையும் வரவில்லை. தேனும் இல்லை, காம்புப் பாலும் இல்லை, குழந்தையும் கொட்டாவி விடவில்லை. ஊரடங்குக் காலத்தில் எல்லோருக்கும் வந்த காய்ச்சல் எனக்கும் வந்ததல்லவா? எல்லோருக்கும் போன வாசனை திரும்பி வந்தது, எனக்கு வரவே இல்லை. மண்டியின் மூக்கு என்று பெயர் வாங்கியவன் அதை யாரிடம் போய்ச் சொல்வேன்? நிறத்தைப் பார்த்து, காம்பை அமுக்கி, “நீ என்னடா நினைக்கிற?” என்று முத்தையாவின் வாயைக் கிண்டி, அவன் சொன்னதையே கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக் காலத்தை ஓட்டிவந்தேன். அன்றைக்கு நிறமும் ஒன்றும் சொல்லவில்லை, காம்பும் சொல்லவில்லை, முத்தையாவோ வேடிக்கை பார்க்க வாசலில் நின்றுவிட்டான். கண்ணை மூடினேன் என்று எழுதினேனே, முழுதாக மூடவில்லை. பக்கத்தில் நீ போனைத் தாழ்த்திப் பிடித்திருந்தாய். வாசலில் இருந்தவர்களுக்கு அதன் முதுகுதான் தெரியும். திரை என் பக்கம் இருந்தது. பச்சை விளக்கைப் பார்த்துத்தான் நான், “திறங்க பாய்” என்றேன்.

போன் கை தவறி என் பக்கம் திரும்பியது என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நன்றிப் பக்கத்தில் நீ ஏன் மூக்கைச் சொல்லாமல் நம்பிக்கையைச் சொன்னாய் என்று யோசித்தபோதுதான், அந்த வெள்ளிக்கிழமைப் புகைக்குள் நின்று நீ என்னைப் பார்த்தது ஞாபகம் வந்தது. என் மூக்கு போனது தெரிந்தும் இத்தனை நாள் யாரிடமும் சொல்லாமல், என் பெயரை எனக்கே விட்டுவைத்தாய். அந்தப் பெயரைக் கழற்றி இந்த மலரில் வைக்கிறேன், எல்லோரும் படிக்கட்டும். பாய், நீங்களும் படிப்பீர்கள் என்று தெரியும். முத்தையாவுக்குச் சில்லு மாற்றக் கோதை சொல்லிக்கொடுத்திருக்கிறாள், அவன் பார்த்துக்கொள்வான். டப்பாவைக் கழற்ற வேண்டாம். அன்றைக்கு மூன்றாம் அறையில் இருந்தது ஒரே ஒரு மூக்குதான், அது இன்னும் சுவரில்தான் இருக்கிறது.